பௌர்ணமிக்கு வந்த கூட்டம்

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ரயிலேறினான். போக வேண்டிய ஊர் திருவண்ணாமலை. அருணாசலம் என்ற பெயர் அவன் மனத்தில் சிறு வயதிலிருந்தே இருந்தது. ஆனால் அது ரயிலேறிப் போய் இறங்கக்கூடிய ஓர் ஊர் என்பது, அங்கிருந்து வந்த உறவினர் ஒருவர் முந்தைய ஆண்டு சொன்னபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. வழி தேடிப் பழைய அட்லஸ் ஒன்றைப் புரட்டினான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்குப் போகும் ரயில் பாதை அதில் இல்லை. திண்டிவனம்தான் பக்கத்து நிலையம் என்று கணக்குப் போட்டு அந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தான். திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது, விழுப்புரத்தில் மாற வேண்டும் என்று வண்டியில் உடன் வந்த மௌல்வி ஒருவர்தான் சொன்னார். ரயிலிலும் நடையிலுமாகச் செப்டம்பர் 1 அன்று அவன் ஊர் போய்ச் சேர்ந்தான். பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்தது அவனைத்தான்.

மதுரைக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே அன்றைக்கு இருந்த செய்தித் தொடர்பு அவ்வளவுதான்: உறவினர் ஒருவரின் வாய்ச்சொல், காலாவதியான வரைபடம், முன்பின் தெரியாத பயணியின் தயவு. இன்று ஹைதராபாத்தில் ஒருவர் செல்போனைத் தடவினால், அடுத்த பௌர்ணமி எந்த நிமிடம் தொடங்கி எந்த நிமிடம் முடிகிறது, எந்தப் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, மலையைச் சுற்றும் பாதையில் உள்ள எட்டு லிங்கங்களில் எதை முதலில் கும்பிட வேண்டும் என்பதெல்லாம் தெலுங்கிலேயே வந்து விழுகின்றன. ஏறக்குறைய நூற்று முப்பது ஆண்டுக் காலத்தில் நடந்த மாற்றம் இது. ஊரின் கடைவீதி, வீட்டு வாடகை, வழிபாட்டு நாள், கூட்டத்தின் மொழி எல்லாமே இதில் மாறியிருக்கின்றன.

கிரிவலம் பழைய வழக்கம். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். மலையே சிவன் என்று நம்பும் ஊரில் மலையைச் சுற்றி வருவதுதான் பிரகார வலம். ஆனால் மாதந்தோறும் பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானவர்கள் 14 கிலோமீட்டர் நடப்பது பழைய வழக்கமல்ல. அது நாற்பது ஆண்டுகளுக்குள் உருவானது. அதற்கு முன்பு பெருங்கூட்டம் என்றால் கார்த்திகை தீபம்தான். மற்ற நாட்களில் அடியார்கள், சாதுக்கள், வேண்டுதல் உள்ளவர்கள், சுற்று வட்டாரத்துக் கிராமத்தார் தங்களுக்குத் தோதான நாளில் சுற்றினார்கள். ரமணரே 1926 வரை மலையைச் சுற்றி வந்தவர். அன்பர்கள் சமையல் பாத்திரங்களோடு கூட வர, வழியில் தங்கி, ஆக்கித் தின்று, பாடிக்கொண்டு மெதுவாக நடந்த நடை அது. பௌர்ணமியாக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

இந்த ஊருக்கு எல்லா ஊடகத்துக்கும் மூத்த ஊடகம் ஒன்று உண்டு. 2,668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரையில் ஏற்றும் தீபம். கார்த்திகை மாத விழாவின் பத்தாம் நாள், விடியற்காலை நான்கு மணிக்குக் கோயிலுக்குள் பரணி தீபம். மாலை ஆறு மணிக்கு அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்களே வெளியே வந்து காட்சி தருவார். கொடிமரத்தின் முன் அகண்ட தீபம் ஏற்றப்படும் அதே வேளையில் உச்சியில் மகாதீபம் எழும். டன் கணக்கில் நெய்யும் ஆயிரம் மீட்டர் அளவுக்குக் காடாத் துணித் திரியும் கொண்டு பதினோரு நாள் எரியும் இந்தத் தீபத்தை ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருடையது. சுற்றுப்புறக் கிராமங்களில் உச்சியில் சுடர் தெரிந்த பிறகுதான் வீட்டு வாசலில் அகல் ஏற்றுவார்கள். எழுத்தறிவு வேண்டாம், காசு வேண்டாம், சாதி பார்க்காது. கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் ஒரே நொடியில் போய்ச் சேரும். அதன் எல்லை மட்டும் அடிவானம். அந்த எல்லையைத் தாண்டி ஊரின் பெயரைக் கொண்டு போனவை அச்சும் படமும்தான்.

அச்சு முதலில் அருணகிரிநாதரைக் காப்பாற்றியது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவராகச் சொல்லப்படும் அவருடைய திருப்புகழ்ப் பாடல்கள் ஏடுகளிலும் சிலருடைய நினைவிலுமாகச் சிதறிக் கிடந்தன. மாவட்ட முனிசீப்பாக இருந்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக அலைந்து ஏடு தேடி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் அவற்றைப் புத்தகமாக்கத் தொடங்கினார். மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை அந்த வேலையை உரையோடு தொடர்ந்தார். இந்த உழைப்பு இல்லாமல் பின்னாளைய இசைத்தட்டும் இல்லை, சினிமாவும் இல்லை. 1964-இல் டி.எம். சௌந்தரராஜன் தாமே நடித்துப் பாடிய ‘அருணகிரிநாதர்’ படம் வந்தபோது, வல்லாள மகாராஜன் கோபுரத்திலிருந்து அருணகிரி குதித்ததும் முருகன் தாங்கியதுமான கதை, ஏட்டையோ புத்தகத்தையோ தொட்டறியாத லட்சக்கணக்கானோருக்குக் கண்ணால் பார்த்த சம்பவமாயிற்று. அதில் டி.எம்.எஸ். பாடிய திருப்புகழ் இன்றும் கோயில் ஒலிபெருக்கிகளில் கேட்கிறது. அருணகிரியின் சந்தம் எப்படி ஒலிக்கும் என்று தமிழ்நாடு முடிவு செய்துகொண்டது அந்தக் குரலை வைத்துத்தான்.

ரமணரின் பெயர் வெளியே போன வழி வேறு. வேலூரில் காவல்துறை அதிகாரியாக இருந்த ஃபிராங்க் ஹம்ப்ரீஸ் 1911-இல் அவரைப் பார்த்துவிட்டு இங்கிலாந்திலிருந்த தோழிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் லண்டன் பத்திரிகை ஒன்றில் அச்சேறின. அது சிறு வட்டத்துக்குள் நின்ற செய்தி. பெரிய கதவைத் திறந்தவர் பால் பிரன்டன் என்ற பத்திரிகையாளர். 1930-களின் தொடக்கத்தில் இந்தியாவில் யோகிகளைத் தேடி அலைந்த அவரை ரமணரிடம் போகச் சொன்னவர் காஞ்சிப் பெரியவர். 1934-இல் லண்டனில் வெளியான அவருடைய ‘எ செர்ச் இன் சீக்ரெட் இந்தியா’ பரபரப்பாக விற்றது. அதைப் படித்துவிட்டு ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்களின் வரிசை இன்னும் முடியவில்லை. எழுத்துக்கு எவ்வளவு நீண்ட கை உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

1938-இல் சாமர்செட் மாம் வந்தார். ஆசிரமத்தில் ரமணரைக் காணும் முன்பே மயங்கி விழுந்தார். ரமணரே அவர் இருந்த அறைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். மாம் சமாதி நிலை அடைந்தார் என்ற பேச்சு கொஞ்ச காலத்தில் இந்தியா முழுவதும் பரவியது. தமக்கு அப்படி மயக்கம் வருவது வழக்கம்தான் என்று அவரே பின்னால் எழுதினார். மறுப்பைவிடப் பேச்சு வேகமாகப் போயிற்று. 1944-இல் வந்த அவருடைய ‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’ நாவலில் ரமணரின் சாயலுள்ள குரு ஒருவர் வருகிறார். ஆனால் ஆசிரமம் திருவிதாங்கூரில் இருப்பதாக எழுதினார். 1946-இல் டைரோன் பவர் நடித்து ஹாலிவுட் படமாகவும் அது வந்தது. இந்த ஊரின் பெயரே இல்லாத கதை. அப்படியும் வாசகர்கள் விசாரித்துத் தேடி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார்கள்.

1949 மே 30 தேதியிட்ட ‘லைஃப்’ இதழில் வின்த்ராப் சார்ஜென்ட்டின் கட்டுரை எலியட் எலிசோஃபன் எடுத்த படங்களோடு வெளியானது. உலகத்திலேயே அதிகம் பார்க்கப்பட்ட படப் பத்திரிகைகளில் ஒன்று அது. கோவணம் மட்டும் உடுத்திச் சாய்மஞ்சத்தில் இருக்கும் முதியவரின் முகம் அமெரிக்காவின் வரவேற்பறைகளுக்குப் போனது அப்படித்தான். அடுத்த ஆண்டு ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு ரமணர் மறைந்தபோது உலகப் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் ஊரில் இருந்தார். வானத்தில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து மலையை நோக்கிப் போனதைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். சென்னையிலும் பலர் அதைக் கண்டதாகப் பத்திரிகைகள் எழுதின.

இந்தப் புத்தகங்களும் படங்களும் உருவாக்கிய திருவண்ணாமலை, கோயிலுக்கு மேற்கே செங்கம் சாலையில் இருக்கிறது. ஆசிரமத்தைச் சுற்றி வளர்ந்த ரமண நகரில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பிரெஞ்சும் ஜெர்மனும் ரஷ்யனும் கேட்கும். அங்கே அறை வாடகை உள்ளூர்ச் சம்பளத்தை வைத்து முடிவாவதில்லை. 1964-இல் ஆர்தர் ஆஸ்பர்ன் ஆசிரியராக இருந்து தொடங்கிய ‘தி மவுண்டன் பாத்’ இதழ் ஆசிரமத்திலிருந்து இன்றும் வருகிறது. ஆனால் இந்த வாசகர் கூட்டம் மௌனத்தைத் தேடி வந்த கூட்டம். ஆயிரக்கணக்கில் வந்ததே தவிர லட்சக்கணக்கில் வரவில்லை; பஞ்சாங்கம் பார்த்தும் வரவில்லை.

லட்சங்களை அழைத்து வந்தது தமிழ்ப் பத்திரிகையும் தமிழ் சினிமாவும்.

இதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. 1975-இல் வந்த ‘ஜெய் சந்தோஷி மா’ என்ற இந்திப் படம், வட இந்தியாவில் பலர் கேள்விப்பட்டிராத ஓர் அம்மனை வீட்டுக்கு வீடு வெள்ளிக்கிழமை விரதமாக்கியது. அதே ஆண்டு வந்த ‘சுவாமி ஐயப்பன்’ சபரிமலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து போகும் கூட்டத்தைப் பெருக்கியது. 1987-இல் தூர்தர்ஷன் ராமாயணம் தொடங்கியபோது டிவி பெட்டிக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். பக்திக்கும் ஒளிபரப்புக்கும் நடுவில் இருந்த சுவர் அந்த ஆண்டுகளில்தான் உடைந்தது. திருவண்ணாமலையின் பௌர்ணமி எழுந்ததும் அந்தக் காலத்தின் முடிவில்தான்.

ஊடகம் மட்டுமே எல்லாவற்றையும் செய்தது என்று சொல்வது நியாயமாகாது. 1989 செப்டம்பர் 30 அன்று வடஆற்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்து திருவண்ணாமலை மாவட்டத் தலைநகரானது. ஆட்சியர் அலுவலகம் வந்தது, சாலைகள் அகன்றன, பேருந்துகள் பெருகின. ஒலிநாடாக்கள் மலிந்து, பெட்டிக்கடைகளிலெல்லாம் அண்ணாமலையார் பாடல் ஒலித்தது. இளையராஜா ரமணர் மீது எழுதி, இசையமைத்துப் பாடிய பாடல்கள் வீடுகளுக்குள் போயின. எழுத்தாளர் பாலகுமாரன், விசிறிச் சாமியார் என்று ஊர் அழைத்த யோகி ராம்சுரத்குமாரைத் தம் குருவாக ஏற்று வார இதழ்களிலும் நாவல்களிலும் எழுதியபோது, தேரடி வீதிப் பக்கம் கொட்டாங்கச்சியும் பனையோலை விசிறியுமாக இருந்த அந்த வடநாட்டுப் பெரியவரைப் பார்க்கச் சென்னையின் நடுத்தரக் குடும்பங்கள் பேருந்து ஏறின. குடும்பக் கதை படிக்கும் வாசகரைக் குருவைத் தேடும் வாசகராக மாற்றியதில் பாலகுமாரனுக்கு இணையாகச் சொல்ல இன்னொரு தமிழ் எழுத்தாளர் இல்லை.

பிறகு ரஜினிகாந்த். அவர் அண்ணாமலையாரின் பக்தர் என்பதும் கிரிவலம் வருகிறார் என்பதும் 1990-களில் பத்திரிகைகளுக்குத் தீராத செய்தி. பாதை நெடுக சோடியம் விளக்குகள் போட அவர் பணம் தந்தது பெரிதாக எழுதப்பட்டது. 1997 ஏப்ரலில் சுந்தர் சி. இயக்கத்தில் ‘அருணாச்சலம்’ வெளியானபோது மலையின் பெயரே மாநிலமெங்கும் சுவரொட்டியாக ஒட்டப்பட்டது. நம்பிக்கையும் நட்சத்திரமும் சேர்ந்த அந்த ஆண்டுகளில் இளைஞர்கள் நண்பர் கூட்டமாக வேன் பிடித்து வரத் தொடங்கினார்கள். விளக்கு வந்ததால் பெண்கள் இரவில் துணிந்து நடந்தார்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்கக்கூடாது. புளிய மரங்களும் மண்டபங்களுமாக இருண்டு கிடந்த பாதையில் ஒரு பெண் நள்ளிரவில் அச்சமின்றி நடக்க முடிந்தது, பௌர்ணமிக் கூட்டத்தின் ஆகப்பெரிய நன்மை.

பௌர்ணமியைப் பழக்கமாக்கியது இவற்றையெல்லாம் விடச் சிறிய ஒன்று. நாளிதழில் மாதந்தோறும் வரும் பெட்டிச் செய்தி: ‘கிரிவலம் செல்ல உகந்த நேரம்’. கோயில் நிர்வாகம் அறிவிக்கும். எல்லா நாளிதழ்களும் போடும். பிறகு எல்லாத் தொலைக்காட்சிகளும் படிக்கும். பௌர்ணமி திதி தொடங்கும் நேரத்துக்கும் முடியும் நேரத்துக்கும் நடுவில் நடந்துவிட வேண்டும் என்ற எண்ணம் ஆழமாக ஊன்றியது இதனால்தான். ஒரு காலத்தில் எந்த நாளிலும் சுற்றலாம் என்றிருந்த மலை, நிமிடக் கணக்கு உள்ள மலையாகிவிட்டது. பக்தி இதழ்கள் பெருகியதும் எந்தக் கிழமையில் சுற்றினால் என்ன பலன், எந்த லிங்கம் எந்த ராசிக்கு உரியது என்ற பட்டியல்களும் சேர்ந்துகொண்டன. கூட்டம் ஒரே இரவில் குவிய, குடிநீரும் கழிப்பறையும் குப்பையும் அந்த ஒரே இரவின் பிரச்சினையாயின. மாதத்தின் முப்பது நாளுக்கும் பரவியிருந்தால் இந்த மலையும் ஊரும் இவ்வளவு திணறியிருக்காது. நேரத்தைச் சொன்ன பத்திரிகைகள், எந்த நாளும் நல்ல நாளே என்ற ஊர்ப் பெரியவர்களின் பேச்சுக்கும் அதே அளவு இடம் கொடுத்திருக்க வேண்டும்.

கூட்டத்தின் எண்ணிக்கையும் ஊடகத்தின் கையில்தான் இருக்கிறது. 14 கிலோமீட்டர் வட்டத்துக்குக் கதவும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. அதிகாரிகள் சொல்லும் மதிப்பீடு தலைப்புச் செய்தியாகிறது. அந்தத் தலைப்பைப் பார்த்து அடுத்த ஆண்டுக்கு அதைவிடப் பெரிய எண்ணுக்கு ஏற்பாடு நடக்கிறது. பெரிய எண் விளம்பரமாகி மேலும் கூட்டத்தை இழுக்கிறது.

தொலைக்காட்சி தீபத்தை மாற்றியது. மாலை ஆறு மணிக் காட்சியைத் தூர்தர்ஷன் நேரலையில் தமிழ்நாடு முழுக்கக் காட்டத் தொடங்கிய பிறகு, வாசலில் அகல் ஏற்ற உச்சியைப் பார்க்கும் வழக்கம், திரையைப் பார்க்கும் வழக்கமாகத் திருநெல்வேலி வரை நீண்டது. நடக்க முடியாத முதியவர்களுக்கும், சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருப்பவர்களுக்கும் அது பெரிய கொடை. ஆனால் கேமரா ஒரு கணத்தைத்தான் கேட்கும். பத்து நாள் வாகனப் புறப்பாடு, மாட வீதியில் நாள் முழுக்க நகரும் தேர், நெய்யையும் திரியையும் கொப்பரையையும் தோளில் சுமந்து மலையேறும் மனிதர்கள், தீபம் குளிர்ந்த பிறகு கொப்பரையில் எடுக்கும் மையை ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திப் பின் அடியார்களுக்குக் கொடுப்பது என நீண்ட ஒரு திருவிழா, ஆறு மணிச் சில நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது. அந்த நிமிடங்களுக்காகக் கோயிலுக்குள் இடம் பிடிப்பதே செல்வாக்கின் அடையாளமாயிற்று.

2020-இல் கொரோனா வந்தபோது நேரலை மட்டுமே மிஞ்சியது. மார்ச் முதல் கிரிவலத்துக்குத் தடை. நவம்பர் 29 தீபத்தன்று வெளியூர்க்காரர்களுக்கு ஊருக்குள் அனுமதி இல்லை. உள்ளூர்க்காரர்கள் மொட்டை மாடிகளில் ஏறி நின்று, ஒளிபரப்புக் கோபுரங்கள் வருவதற்கு முன் தம் பாட்டன்மார் பார்த்தது போல வெறுங்கண்ணால் பார்த்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கோ டிவியும் யூடியூபும். தடை முழுதாக விலகிக் கூட்டம் திரும்பியது 2022-இல்.

திரும்பி வந்த கூட்டம் பழைய கூட்டம் அல்ல. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் சாகண்டி கோடேஸ்வர ராவ் அருணாசல மகிமை பற்றிச் செய்த பிரவசனங்கள் பக்தித் தொலைக்காட்சிகளிலும் யூடியூபிலும் கோடிக்கணக்கான காதுகளுக்குப் போயிருந்தன. 2023 ஜூலை குரு பௌர்ணமிக்குத் தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகம் ‘அருணாசலம் கிரி பிரதட்சிணம்’ என்றே சுற்றுலாத் திட்டம் போட்டுப் பேருந்து விட்டது. இப்போது பௌர்ணமி இரவில் பாதையின் சில பகுதிகளில் தமிழைவிடத் தெலுங்கு அதிகம் கேட்கிறது. கடைப் பலகையில் தெலுங்கு, உணவு விடுதியில் பெசரட்டு, ஆட்டோக்காரர் வாயில் ‘ரண்டி’. பௌர்ணமி அல்லாத சனி, ஞாயிறுகளிலும் தரிசன வரிசை மணிக்கணக்கில் நிற்கிறது. இதை வெளியார் படையெடுப்பு போலப் பேசுகிறவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்த வேண்டும்: ரமணர் தெலுங்கிலும் பாடியவர், 1940-களில் ஆசிரம வாழ்க்கையைக் கடிதங்களாக எழுதிய சூரி நாகம்மா எழுதியது தெலுங்கில். ராஜகோபுரத்தை எழுப்பத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர். தெலுங்குக்கு இந்த ஊரில் ஐந்நூறு ஆண்டு உறவு உண்டு. வருகிறவர்கள்மேல் குறையில்லை, அவர்கள் எத்தனை பேர் வருவார்கள் என்று எந்த ஒளிபரப்பும் ஊருக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதுதான் குறை.

செல்போன் இன்னொரு தீங்கும் செய்கிறது. கிரிவலப் பாதையில் தம் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும் வயோதிகர் ஒருவரை யாரோ படம்பிடித்துச் சித்தர் என்று போட்டுவிட்டால், மறு வாரம் அவரைச் சூழ்ந்து கூட்டம் நிற்கிறது. அவர் சாப்பிட்ட மிச்சத்துக்குக் கை நீட்டுகிறார்கள், அவர் போகுமிடமெல்லாம் கேமராவோடு துரத்துகிறார்கள். மருத்துவமும் நிழலும் வேண்டியவருக்குப் பார்வையாளர்கள் கிடைக்கிறார்கள். விசிறிச் சாமியாரை எழுதியவர்கள் அவரோடு ஆண்டுக்கணக்கில் பழகி எழுதினார்கள். இங்கே பழக்கமே கிடையாது.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் மலைச் சரிவு இடிந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீடு மண்ணுக்குள் போனது. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். எல்லாத் தொலைக்காட்சிகளும் வந்தன. மலையின் நிலையை ஆராய வல்லுநர் குழு வந்தது. டிசம்பர் 13 மகாதீபத்துக்கு, வழக்கமாகச் சீட்டு வாங்கி மலையேறும் 2,500 பக்தர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. தீபப் பணிக்கு வேண்டியவர்கள் மட்டும் ஏறினார்கள். அந்த இரண்டு வாரமும் திருவண்ணாமலைச் சரிவில் யார் குடியிருக்கிறார்கள், ஏன் அங்கே வீடு கட்ட நேர்ந்தது, தண்ணீர் எந்த வழியாக வடிகிறது என்பவையெல்லாம் மாநிலச் செய்தியாக இருந்தன.

அதற்குப் பிறகு அவை வேலூர்ப் பதிப்பின் மாவட்டப் பக்கத்துக்குத் திரும்பிவிட்டன. பௌர்ணமி நேரம் எல்லாப் பதிப்புகளிலும் வருகிறது, தெலுங்குத் தளங்களிலும் வருகிறது. அடிவாரத்து வீடுகளின் பாதுகாப்பு, கிரிவலத்துக்கு மறுநாள் காலை குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர்களின் கூலி, மழைநீர் ஓடைகளின் ஆக்கிரமிப்பு ஆகியவற்றை எழுதும் உள்ளூர் நிருபர்களின் செய்திகளோ மாவட்ட எல்லையைத் தாண்டுவதில்லை. மலையைச் சுற்ற வருகிறவர்களில் பெரும்பாலோர் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், விஜயவாடா வாசகர்கள். அந்தச் செய்திகள் போக வேண்டிய முகவரி அவர்களுடையது. நேரம் அறிவிக்கும் பெட்டிக்குக் கீழே நான்கு வரிக்கு இடம் எப்போதும் இருக்கிறது.